தேசியத் திருச்சபை என்பது கிறித்தவத்தின் இயல்பிலேயே உள்ளதா?

சில நாடுகளில் அரசே ஒரு திருச்சபையை ஆதரிப்பதால், அது கிறித்தவக் கோட்பாட்டின் பகுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்ல என்பதே என் பதில். முதல் மூன்று நூற்றாண்டுகள் கிறித்தவம் எந்த அரசின் ஆதரவுமின்றி, அவ்வப்போது அடக்குமுறைக்கு உள்ளாகியே பரவியது. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணைதான் அதை ரோமப் பேரரசின் மதமாக்கியது.

தேசியத் திருச்சபைகள் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்தின் விளைவு. இங்கிலாந்தில் 1534-ஆம் ஆண்டுச் சட்டம் மன்னரைத் திருச்சபையின் தலைவராக்கியது. இன்றும் அந்தத் திருச்சபையின் 26 ஆயர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். இந்தச் சலுகைக்கு விலையும் உண்டு. திருச்சபை தானே திருத்தி ஏற்றுக்கொண்ட வழிபாட்டு நூலை நாடாளுமன்றத்தின் மக்களவை 1927-இலும் 1928-இலும் நிராகரித்தது. எப்படி வழிபடுவது என்பதை, அந்தத் திருச்சபையைச் சேராதவர்களும் அடங்கிய ஓர் அவை வாக்களித்து முடிவு செய்தது என்பது எனக்கு இன்றும் விசித்திரமாகவே படுகிறது.

சுவீடன் 2000-இல் அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான பிணைப்பைப் பெருமளவு அறுத்துக்கொண்டது. நார்வே திருச்சபை 2017-இல் தனிச் சட்ட அமைப்பானது. டென்மார்க்கின் அரசியலமைப்போ லூத்தரன் (மார்ட்டின் லூத்தரின் வழிவந்த புராட்டஸ்டண்ட்) திருச்சபையை இன்னும் ஆதரிக்கிறது. ஜெர்மனியில் அரசுத் திருச்சபை கிடையாது, ஆனாலும் உறுப்பினர்கள் செலுத்தும் திருச்சபை வரியை அரசின் வரித்துறையே வசூலித்துத் தருகிறது. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதமாகக் கணக்கிடப்படும் அதைத் தவிர்க்க விரும்பும் உறுப்பினர், மாநிலத்தைப் பொறுத்து நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ நேரில் சென்று விலகலை அறிவிப்பதே வழக்கம். பாதிரியாரிடம் சொன்னால் போதாது.