ஹெல்மெட்டும் சிறையும்

வணக்கம் சார்,

உங்களைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சென்ற வாரம் ஹெல்மெட் போடாமல் போனதற்கு அபராதம் கட்டினேன். பணம் பெரிய விஷயம் இல்லை. ஆனால் "என் தலை, என் வண்டி. விழுந்தால் அடி எனக்குத்தானே? இதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று நண்பர் ஒருவரிடம் புலம்பப்போய் அது சண்டையாகிவிட்டது. அடுத்தவருக்குத் தீங்கு செய்யாத எதுவும் குற்றமாகக் கூடாது என்பது என் கட்சி. "தனக்கு மட்டும் தீங்கு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. நீ விழுந்தால் உன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு ஊரார் தலையில் விழும்" என்கிறார் அவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வதை ஒப்புக்கொண்டால் போதை மருந்து, சூதாட்டம், ஏன், தற்கொலை முயற்சியைக்கூட குற்றம் என்றே சொல்ல வேண்டிவரும். அதற்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர் (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஹெல்மெட் விஷயத்தில் நான் உங்கள் நண்பர் பக்கம். ஆனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எல்லாமே எல்லோரையும் பாதிக்கும் என்பது உண்மைதான். சிக்கல் என்னவென்றால், அது எல்லாவற்றுக்குமே பொருந்திவிடுகிறது. நான் விடிய விடிய விழித்திருந்தாலும், நடைப்பயிற்சிக்குச் சோம்பல்பட்டாலும், நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் கவிதை எழுத உட்கார்ந்தாலும் என் வீட்டார் அனுபவிக்கத்தான் வேண்டும். (கடைசியாகச் சொன்னதில் உண்மையாகவே அனுபவிப்பார்கள்.) பாதிப்பு இருந்தாலே போலீஸ் வரலாம் என்றால், வீட்டில் அவர்கள் நுழைய முடியாத அறை ஒன்றுகூட மிஞ்சாது.

உங்கள் கட்சிக்கு மூலவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. அடுத்தவருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மேல் அதிகாரம் செலுத்தலாம் என்று 1859இல் எழுதியவர். உங்கள் நண்பரின் வாதத்தை அவர் அப்போதே எதிர்கொண்டிருக்கிறார். ஒருவன் தன்னைக் கெடுத்துக்கொண்டால் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் வலிக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. குடித்தான் என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது, வேலை நேரத்தில் குடித்திருக்கும் போலீஸ்காரரைத் தண்டிக்கலாம் என்றார். ஊதாரித்தனத்தால் குடும்பத்தைப் பட்டினி போட்டவனைத் தண்டிப்பதானால், பட்டினி போட்டதற்காகத் தண்டியுங்கள். அதே பணத்தைப் புத்திசாலித்தனமான முதலீட்டில் போட்டுவிட்டுக் குடும்பத்தைப் பட்டினி போட்டிருந்தாலும் தப்பு தப்புதான். உங்கள் நண்பருக்கு இதைவிட நல்ல பதிலை நான் வாசித்ததில்லை.

அதற்காக மில் முழுக்க முழுக்க உங்கள் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இடிந்துவிழப்போகும் பாலத்தில் ஒருவர் தெரியாமல் கால் வைக்கிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம் என்கிறார். ஆற்றில் விழுவது அவருடைய விருப்பம் இல்லையே. தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தையும் அவர் ஏற்கவில்லை.

சரி, இதுவரை புத்தகத்தில் உள்ளது. இனி என் கருத்து. நீங்கள் இருவரும் செயலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் தண்டனையைப் பார்க்கச் சொல்வேன். திருடனைச் சிறையில் போட்டால் வலி திருடனுக்கு, பாதுகாப்பு வேறொருவருக்கு. தனக்கே தீங்கு செய்துகொள்கிறவர் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள். காப்பாற்ற வந்ததாகச் சொல்லும் சட்டம், காப்பாற்ற வேண்டியவரையே அடிக்கிறது. அந்த அடி அவர் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய தீங்கைவிடப் பெரியதாக இருந்தால், "உன் நல்லதுக்குத்தான்" என்று சட்டம் சொல்வது பொய்.

1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின. கேட்பது ஒரு பட்டை மாட்டும் நேரம், மீறினால் சிறு அபராதம். கிடைப்பதோ உயிர். இதை ஏற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் ஹெல்மெட்டும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இதன் மறுமுனையில் இருக்கிறது தற்கொலை முயற்சி. இங்கிலாந்தில் 1961 வரை அது குற்றம், சிறைக்குப் போனவர்களும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை இருந்தது. அந்தப் பிரிவு நடைமுறையில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் பிழைத்துப் படுத்திருப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்குமூலம் வாங்க ஒருவர் நிற்பார். வெளியே வராந்தாவில் வீட்டார் கூடிப் பேசி, "தெரியாமல் நடந்துவிட்டது என்றே சொல்லுவோம்" என்று முடிவெடுப்பார்கள். டாக்டரிடமும் அதையேதான் சொல்வார்கள். காயத்துக்கு மருந்து கிடைக்கும். மனதுக்கு வேண்டிய மருத்துவத்தைக் கேட்கவே பயப்படுவார்கள், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. சாவதற்கே துணிந்த ஒருவரை ஓராண்டுச் சிறை தடுத்து நிறுத்தும் என்று எப்படித்தான் நம்பினார்களோ. 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படி முயல்வது மட்டும் குற்றமாக இருக்கிறது.

போதை மருந்து இரண்டுக்கும் நடுவில் வருகிறது. போர்ச்சுகல் 2001இல் அதைச் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. பத்து நாள் உபயோகத்துக்குள் கையில் வைத்திருப்பவரைக் கிரிமினல் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சட்டமும் மருத்துவமும் சமூகப்பணியும் தெரிந்த ஒரு குழு முன்னால் உட்கார வைக்கிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: 1920 முதல் 1933 வரை மதுவிலக்குக்குப் பேர்போன அமெரிக்காவில் அரசியல் சாசனத் திருத்தம் தடுத்தது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுபோவதையும்தான். குடித்தவனை அது தொடவில்லை.

யாருக்கும் தீங்கில்லை, பார்ப்பவர்களுக்கு அருவருப்பு என்ற வகை ஒன்று உண்டு. ஒருபாலுறவைக் குற்றமாக வைத்திருந்தது அதனால்தான். இங்கிலாந்தில் 1957இல் அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு, மனமொத்த இருவர் தனிமையில் செய்வது சட்டத்தின் வேலையில்லை என்றது. சமூகத்தின் பொது ஒழுக்கம் குலைந்தால் சமூகமே குலையும் என்றார் டெவ்லின் என்ற நீதிபதி. 1967இல் அங்கே சட்டம் மாறியது, சமூகம் ஒன்றும் குலைந்துவிடவில்லை. முகம் சுளிப்பதைத் தீங்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கே சங்கடமான வழக்கு ஒன்று இருக்கிறது. பிரான்சில் மானுவல் வாக்கென்ஹைம் என்பவர் உயரம் மிகக் குறைந்தவர். பாதுகாப்பு உடையோடு அவரைத் தூக்கி மெத்தையில் எறிவது கேளிக்கை விடுதிகளில் ஒரு நிகழ்ச்சி. அதுதான் அவருக்குப் பிழைப்பு. 1991இல் ஒரு நகர மேயர் தடை போட்டார். 1995இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், மனித மாண்பும் பொது ஒழுங்கில் அடங்கும் என்று தடையை உறுதிசெய்தது. தடையை எதிர்த்து வழக்கு நடத்தியவர்களில் எறியப்பட்டவரே இருந்தார்! வேலையில்லாமல் நிற்பதில் என்ன மாண்பு என்பது அவருடைய வாதம். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கும் போய், 2002இல் அங்கேயும் தோற்றார். அந்த நிகழ்ச்சியை என்னால் ஒரு நிமிடம்கூடப் பார்க்க முடியாது. உயரம் குறைந்த மற்றவர்களையும் அது கேலிப்பொருளாக்கும் என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இருந்தாலும் மாண்பு அவருடையது, போன சம்பளமும் அவருடையது. தீர்ப்பு சொன்னவர்களோ வேறு ஆட்கள். தயக்கத்தோடுதான் என்றாலும் என் ஓட்டு அவருக்கே.

சூதாட்டத்தை இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். ஆடுகிறவர் தோற்றால்தான் நடத்துகிற நிறுவனத்துக்கு வருமானம். நீங்கள் தேடும் 'அடுத்தவர்' அங்கே கண்ணுக்கு எதிரிலேயே கடை விரித்திருக்கிறார். நடத்துகிறவர்மேல் சட்டம் எவ்வளவு கெடுபிடி காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆடித் தோற்றவரை மட்டும் லாக்கப்பில் வைக்க வேண்டாம்.

அன்புடன்