ராத்திரி 11 மணிக்கு டப்பாவைத் திறப்பவர்களுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறு சாயங்காலம் எட்டு பேர் கூடுகிறோம். எல்லோருமே மனசு சரியில்லாதபோது சாப்பாட்டில் போய் விழுந்தவர்கள். நான் அதில் ஏழு வருஷமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, தையல்காரி. நீங்கள் கேட்டு அனுப்பியதற்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகுதான் எனக்குப் பசிக்கிறது. நேற்று ஒரு பாக்கெட் தட்டுவடை காலி. காலையில் மாமியார் தேடினார், எலி என்று சொல்லிவிட்டேன். (அம்மாபேட்டையிலிருந்து)

எலியாவது அடி வாங்காது. நான் என் பையன் மேல் பழி போட்டிருக்கிறேன்.

கடை வைத்த புதிதில் தினமும் நாலு தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல் வைத்தது) வாங்குவேன். “வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க” என்று கடைக்காரர் கேட்காமலே சொல்வேன். விருந்தாளி நான்தான். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலையும் முடித்துவிட்டு, காகிதத்தைப் பாபின் டிராயரில் ஒளிப்பேன். ஒரு நாள் கல்யாணப் பிளவுஸ் ஒன்றில், வெளிர் மஞ்சள் பட்டு, கழுத்துப் பட்டியில் பீட்ரூட் கறை. துணிக்காரம்மா “இது என்னம்மா சிவப்பு?” என்று விரலால் தடவிப் பார்த்தார். குங்குமம் என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் தின்றதற்காக இல்லை, எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது என்பதற்காக.

அதனால் உங்களிடம் முதலில் கேட்பது தட்டுவடையை விடச் சொல்லி அல்ல. டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒருத்தருக்குப் போன் போடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், “எடுக்கப் போறேன்” என்று சொன்னால் போதும். அப்புறம் சாப்பிட்டாலும் சாப்பிடுங்கள். குழுவில் எனக்கு வாய்த்த அக்கா “சரி, தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடு, முடித்துவிட்டுக் கூப்பிடு” என்பார். பாதி நாள் பேசி முடிப்பதற்குள் ஆசை இறங்கிவிடும். மீதி நாள் சாப்பிட்டேன்தான், ஆனால் நாலு இல்லை.

இன்னொன்று: மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் இரண்டு கை ரசம் சோறு என்றால், ராத்திரி வருவது நிஜப் பசி. அதை மனசுக் கோளாறு என்று நினைத்துக் குமையாதீர்கள். பசியா, கோபமா, தனிமையா, அசதியா என்று நாலையும் கேட்டுப் பாருங்கள். குடியை விட்டவர்கள் கேட்டுக்கொள்கிற கேள்விகள்தான், நமக்கும் பொருந்தும். எனக்கு முக்கால்வாசி நாள் அசதி.

இது நோயா, திமிரா? “வாயைக் கட்டு” என்கிறார் வீட்டுக்காரர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், கட்டுமீறி உண்பது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம், நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு அளவுக்கு மீறிச் சாப்பிடுவது அதன் முக்கிய அடையாளம். ‘உணவு அடிமைத்தனம்’ என்ற பெயர் மட்டும் அதில் இல்லை, ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். பெயர் எதுவானாலும், வாயைக் கட்டுவது இத்தனை சுலபமென்றால் உங்கள் வீட்டுக்காரர் எதையாவது கட்டிக் காட்டட்டுமே. சிகரெட் உண்டா அவருக்கு?

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் தனியறையில் உட்கார்ந்து எட்டு பரோட்டா தின்கிறேன். வாராவாரம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர முடியாதுங்க.

வர வேண்டாம் தம்பி. நம்மைப் போல அளவுமீறிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஓவரீட்டர்ஸ் அனானிமஸ் என்று ஒரு குழு இருக்கிறது, 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் மூன்று பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. குடியை விட நினைப்பவர்களின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வைத்திருக்கும் 12 படிகளைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கட்டணம் கிடையாது, ‘இதைத் தின்னு, அதைத் தின்னாதே’ என்ற பட்டியலும் கிடையாது. போனிலேயே கூட்டம் நடத்துகிறார்கள். இங்கிலீஷ் ஒத்துவராவிட்டால், அதே தொல்லை உள்ள ஒரே ஒரு ஆள் போதும். எங்கள் குழுவும் முதலில் இரண்டு பேர்தான். ராத்திரி சாப்பாட்டை அந்த அறையில் வைத்துக்கொள்ளாமல், மெஸ்ஸிலோ டீக்கடையிலோ நாலு பேர் நடுவில் முடித்துவிட்டு அறைக்குப் போங்கள்.

ஆடித் திருவிழாவுக்கு உறவுக்காரர் வீட்டில் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்களே?

இலையை மூடிவிடுங்கள். மூடின இலையில் யாரும் வைக்க மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு விரல் விட்டு வாந்தி எடுக்கிறேன். யாருக்கும் தெரியாது. கல்லூரியில் படிக்கிறேன்.

இதற்கு நாங்கள் மட்டும் போதாது கண்ணு. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம், பல்லும் அரிக்கும். இந்த வாரமே டாக்டரைப் பார். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போடு. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். டாக்டரைப் பார்த்துக்கொண்டே எங்களிடமும் வா.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன். மல்கோவா வந்தது, ஒரே உட்காரலில் ஆறு பழம். இனி எந்த முகத்தோடு குழுவுக்கு வருவது?

அதே முகத்தோடுதான். போன மாதம் நானே அரைக் கிலோ மிக்சரோடு மாட்டினேன், அந்த ஞாயிறே சொன்னேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை, ஒருவர் மட்டும் “எந்தக் கடை?” என்று கேட்டார், அவரை மற்றவர்கள் முறைத்தார்கள். ஆறு பழத்துக்குப் பிராயச்சித்தமாக நாளைக்குப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். பட்டினி கிடந்தால் மறுநாள் ஏழாவது பழம். காலையில் வழக்கம்போல இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு ஐந்து மணிக்கு வாருங்கள். கூடையில் மீதி இருந்தால் எடுத்து வாருங்கள், வெட்டிப் பங்கு போடலாம். சர்க்கரை உள்ளவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு கீற்றுதான்.