பற்றரி முடிஞ்சுதா, இறங்கிக் கிடக்குதா?

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பியின் விட்ஸ் கார் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போதுதான் அவர் ஓடுவார். மற்ற நாட்களில் கிழமைக்கு ஒருக்கால் நான் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி விடுவேன். போன கிழமை ஸ்ராட் ஆகவில்லை. கடைக்காரர் வந்து ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "பற்றரி முடிஞ்சுது, மாத்துங்கோ" என்றார். போட்டு ஒன்றரை வருடம்தான். உண்மையிலேயே பழுதா என்று நானே பார்க்க முடியுமா ஐயா? (கொக்குவில் வாசகி)

பதில்: முடியும். அதுவரை மாற்ற வேண்டாம். உங்கள் பற்றரி உண்மையிலேயே பழுதாகியும் இருக்கலாம். ஆனால் சார்ஜ் இறங்கிக் கிடக்கும் பற்றரியைச் சோதித்து அதைச் சொல்ல முடியாது. நல்ல கருவி என்றால், சார்ஜ் ஏற்றிவிட்டுத் திரும்பப் பார் என்றுதான் அதன் திரையில் வரும். அந்த வரியை வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டும் கடைகள் குறைவு.

முதலில் பற்றரியைக் கழற்றி (கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள்) ஒரு இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஏற்றி முடிந்ததும் அரை நாளாவது சும்மா வைத்திருங்கள். சார்ஜரில் இருந்து எடுத்த கையோடு அளந்தால் செத்த பற்றரியும் நல்ல எண் காட்டும்.

அப்புறம் ஒரு மல்ரிமீற்றர் வேண்டும். வீட்டு வயரிங் செய்யும் யாரிடமும் இருக்கும். திருகியை டிசி 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பு முனையைக் கூட்டல் குறியிலும் கறுப்பைக் கழித்தல் குறியிலும் தொடுங்கள். 12.6 வோல்ற் காட்டினால் நிறைய இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். முழுக்க ஏற்றிய பிறகும் 10.5 பக்கம் வந்து நின்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

எண் சரியாக இருந்தால் காரில் பூட்டி, ஒருவர் ஸ்ராட் பண்ண மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். இழுக்கும் அந்த நொடியில் 10 வோல்ற்றுக்கு மேல் நின்றால் பற்றரிக்குத் தெம்பு இருக்கிறது. 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குற்றம் ஒல்ரனேற்றரிலோ (ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) அதைச் சுற்றும் பெல்ற்றிலோ இருக்கிறது. புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் இறங்கும். ரெர்மினலில் (வயர் பூட்டும் முனையில்) வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். சில வேளை பிரச்சினை அவ்வளவுதான்.

இனிக் கடைகளைப் பற்றி. அந்தக் கருவிக்குப் பற்றரியின் அளவையும் வலுவையும் சரியாகக் கொடுக்க வேண்டும். சிறிய பற்றரிக்குப் பெரிய பற்றரியின் கணக்கைக் கொடுத்தால் நல்லதையும் "மாற்று" என்றுதான் அச்சடித்துத் தரும். பற்றரியின் மேலே இருக்கும் பச்சைக் கண்ணைக் காட்டி வாதாடுவார்கள். அது ஒரேயொரு செல்லை மட்டும் பார்க்கிறது. பழைய பற்றரிக்கு விலை போட்டு எடுக்கிறோம் என்று அவசரப்படுத்துபவரிடம் இன்னும் கவனம் தேவை. ஈயத்துக்குக் காசு இருக்கிறது. உங்கள் பற்றரிக்கே அசிட் மாற்றி, புது ஸ்ரிக்கர் ஒட்டி இன்னொருவர் தலையில் கட்டவும் முடியும். வருடாவருடம் எங்களைப் புகைப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்கள், கடைத் தட்டில் எத்தனை மாதமாகப் பற்றரிகள் தூங்குகின்றன என்று ஒரு நாள் வந்து பார்க்கட்டும். வொறன்ரி என்று போனால் கொழும்புக்கு அனுப்பிப் பதில் வர வேண்டும் என்பார்கள். அதுவரை கார் கொட்டகையில்! வொறன்ரி அட்டையும் பற்றுச்சீட்டும் இருந்தால் விடாதீர்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இலட்சக்கணக்கில் காசைக் கொடுத்து ஏமாறுகிறார்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் காரில் மேலே சொன்ன ஸ்ராட் சோதனை செல்லாது. அதிலே 12 வோல்ற் சின்னப் பற்றரி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். இயந்திரத்தைச் சுற்றுவது அது இல்லை, கணினிகளை எழுப்புவதுதான் அதன் வேலை. அது தளர்ந்தால் பலகை முழுக்க எச்சரிக்கை விளக்குகள் எரியும், கார் "ரெடி" நிலைக்கு வராது. உடனே "ஹைபிரிட் பற்றரி போச்சு" என்று பெரிய பில்லை நீட்டுவார்கள். முதலில் அந்தச் சின்னப் பற்றரியை அளக்கச் சொல்லுங்கள். அது பின்பக்கத்தில் இருந்தால் காற்றுப்போக்கிக் குழாய் உள்ள தனி வகைதான் போட வேண்டும், ஏனென்றால் அந்த இடம் ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. ஹைபிரிட் காரில் இருந்து வயர் போட்டு இன்னொரு காரை ஸ்ராட் பண்ணவும் கூடாது.

உங்கள் விட்ஸுக்குத் திரும்புவோம். நிற்கும் காரிலும் மணிக்கூடு, அலாரம் எல்லாம் மின் குடிக்கும். 50 மில்லி அம்பியர் இழுத்தாலே ஒரு கிழமையில் 8 அம்பியர்-மணி போய்விடும். விட்ஸின் சிறிய பற்றரியில் இருப்பதே 35, 45 தான். ஐந்து நிமிட ஸ்ராட் அதை ஈடுசெய்யாது. இப்படி இறங்கிக் கிடக்கக் கிடக்க உள்ளே தட்டுகளில் சல்பேற் படிந்து இறுகும். 2022இல் பெற்றோல் இல்லாமல் நின்ற கார்களில் எத்தனை பற்றரி இப்படிப் போனது! பருத்தித்துறை வரை ஓடிவிட்டு வாருங்கள், அல்லது கறுப்பு வயரைக் கழற்றி வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். மூடி திறக்கும் வகை என்றால் பற்றரித் தண்ணி (வடித்த தண்ணீர்) மட்டும் விடுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.