‘இதுதான் கடைசி பெட்ரோல் கார்’ என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?

கேள்வி:

வணக்கம். எனக்கு 46 வயது. பதினோரு வருடமாக 2007 மாடல் லோட்டஸ் எலீஸ் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுகிறேன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எனக்குப் பிடித்த கம்பெனி இப்போது இரண்டரை டன் எடையுள்ள மின்சார எஸ்யூவி செய்கிறது. பெட்ரோலில் மிச்சம் இருப்பது எமிரா ஒன்றுதான். ‘இதற்குப் பிறகு பெட்ரோல் கிடையாது, மாத இறுதிக்குள் புக் செய்யுங்கள்’ என்கிறார் ஷோரூம்காரர்.

தொகையை அப்படியே எழுத விருப்பமில்லை. எமிராவின் விலையை 100 என்று வைத்துச் சொல்கிறேன். எலீஸை விற்றால் 30 வரும். மீதி 70-ஐ ஏழு வருடக் கடனாகத் தர வங்கி தயார், வட்டி 9 சதவீதம். என் மாத வருமானம் 4, வீட்டுச் செலவு 2.5. கையிருப்பு 20. மகள் மூன்று வருடத்தில் கல்லூரி போவாள், அதற்கு 40 வேண்டும். வேறு கடன் இல்லை. கடைசி மாடல் என்பதால் பின்னால் விலை ஏறும், அதனால் இது செலவல்ல, முதலீடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இன்னொரு யோசனை, பழைய போர்ஷே கேமன் ஒன்று 45-க்கு வருகிறது. பிராண்டை விட்டுப் போக மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் நின்றது ‘மாத இறுதிக்குள்’ என்ற இடத்தில்தான். அந்தக் கெடு ஷோரூமுக்கு உரியது. உங்களுக்கு அப்படி ஒரு கெடுவும் இல்லை. உங்கள் எலீஸ் வரும் ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டார்ட் ஆகும், அடுத்த வருடமும் ஸ்டார்ட் ஆகும். இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வாருங்கள்.

70 கடன், 9 சதவீதம், 84 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 1.13. ஏழு வருட முடிவில் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 94.6. வட்டி மட்டும் 24-க்கு மேல். நீங்கள் 100 என்று நினைக்கும் கார் உண்மையில் 124 சொச்சம்.

இன்று மாதம் 1.5 மிச்சம் பிடிக்கிறீர்கள். அப்படியே தொடர்ந்தால் மூன்று வருடத்தில் 54, கையிருப்பு 20, ஆக 74. (வட்டி வருமானத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.) கல்லூரிக்கு 40, ஆறு மாத வீட்டுச் செலவை அவசரப் பணமாக வைக்க 15. இரண்டும் போக 19 மிஞ்சும். எமிரா வாங்கினால்? தவணை போக மாதம் 0.37 மிஞ்சும். புதுக் காரின் இன்ஷூரன்ஸும் பராமரிப்பும் எலீஸைவிட மாதம் 0.2 கூட ஆகும் என்று வைத்தால், கையில் நிற்பது 0.17. மூன்று வருடத்தில் அது 6. கையிருப்போடு சேர்த்து 26. தேவை 55. துண்டு விழுவது 29.

அந்த 29-ஐ எங்கிருந்து எடுப்பீர்கள்? கல்லூரிக் கடன் எடுப்பீர்கள், அல்லது மூன்று வருடம் ஓடிய எமிராவை அவசரத்துக்கு விற்பீர்கள். அவசரத்துக்கு விற்கிறவர் கையில் விலை நிற்காது. உங்கள் மகள் கல்லூரியில் சேரும் மாதத்தில் வீட்டில் கார் தவணையைப் பற்றிப் பேச்சு ஓடக்கூடாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். ஆகவே கடன் வாங்கி எமிரா வேண்டாம்.

இனி ‘முதலீடு’ விஷயம். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. போர்ஷே 911-இல் காற்றால் குளிரும் எஞ்சின் 1998-ஓடு முடிந்தது. அந்தக் கடைசித் தலைமுறையான 993-ஐ இன்று சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஏற்றம் வந்தது பத்துப் பதினைந்து வருடம் கழித்து. நடுவில் பல வருடம் அது வெறும் பழைய காராகத்தான் கிடந்தது.

அந்தப் பத்து வருடத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 100-ஐ 7 சதவீதம் வளரும் இடத்தில் போட்டால் பத்து வருடத்தில் 197. காரை வைத்திருக்க இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், நிறுத்துமிடம் என்று வருடம் 4 ஆகும் என்றால், அந்த நான்கு நான்காகப் போகும் பணமும் அதே வளர்ச்சியில் 55 ஆகியிருக்கும். இரண்டும் சேர்ந்து 252. அதாவது பத்து வருடம் கழித்து இரண்டரை மடங்குக்கு விற்றால்தான் நீங்கள் சமமாக நிற்கிறீர்கள். லாபம் அதற்கு மேல்தான். அதுவும் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால். கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் மேலே போகும். யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கடைசி எடிஷனைக் கடனில் வாங்கினார். கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு இறங்கும் என்று உறை போட்டு மூடி வைத்தார். மூன்றாவது வருடம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது உறையை விலக்கிக் காட்டினார். ஓடோமீட்டரில் மூன்று இலக்கம்தான். ஒரே இடத்தில் நின்றதால் டயர் அடியில் தட்டையாகியிருந்தது, பேட்டரி செத்திருந்தது. மாதம் தவறாமல் தவணை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ‘ஓட்டணும்னு ஆசையா இருக்கு, பயமா இருக்கு’ என்றார். அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஞாயிறு விடியலில் கிளம்புகிற உங்களால் அப்படி ஒரு காரோடு வாழ முடியாது. நீங்கள் ஓட்டுவீர்கள். ஓட்டவும் வேண்டும். ஆனால் ஓட்டப்போகும் காரை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து, ‘கடைசி’ என்ற சொல். கார் உலகில் இந்தச் சொல் சில சமயம் உண்மை. ஆடி டிடி 2023-இல் நின்றது, ஆர்8 2024-இல் நின்றது, நிசான் ஜிடி-ஆர் 2007-இலிருந்து ஓடி 2025-இல் முடிந்தது. சில சமயம் அது கம்பெனியின் அன்றைய திட்டம் மட்டுமே. 2016-இல் போர்ஷே பாக்ஸ்டரிலும் கேமனிலும் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு டர்போ வைத்த நான்கு சிலிண்டரைப் போட்டபோது, ரசிகர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். 2019-இல் ஜிடி4 என்ற மாடல் வழியாகவும், 2020-இல் ஜிடிஎஸ் மாடல் வழியாகவும் டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. அதே கார்களின் அடுத்த தலைமுறை முழுக்க மின்சாரம் என்று சொல்லிவந்த கம்பெனி, 2025 செப்டம்பரில் உயர்ரக மாடல்களில் பெட்ரோலும் இருக்கும் என்று மாற்றிச் சொன்னது. உங்கள் லோட்டஸையே பாருங்கள். 2028-க்குள் முழுக்க மின்சாரம் என்றவர்கள், 2024-இல் அதைத் தளர்த்தி ஹைப்ரிடையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாறும் ஒரு திட்டத்தை நம்பி நீங்கள் ஏழு வருடம் கையெழுத்துப் போடப் பார்க்கிறீர்கள்.

உண்மையிலேயே கடைசியாக இருந்தாலும் கார்கள் மறைந்துவிடாது. நின்றுபோன மாடல்கள் பழைய கார் சந்தையில் பல வருடம் கிடைக்கும். முதல் சில வருடத் தேய்மானத்தை வேறு ஒருவர் ஏற்றிருப்பார்.

இப்போது பிராண்ட். இதைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது மூக்கில் இருக்கும் அந்த மஞ்சள், பச்சைச் சின்னமா, அல்லது காரா? லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்ட ஒரே கொள்கை எடையைக் குறைப்பது. 1996-இல் வந்த முதல் எலீஸ் சுமார் 725 கிலோ. அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்த சேஸி அது. உங்கள் 2007 கார் சுமார் 900 கிலோ. பவர் ஸ்டீயரிங் கிடையாது, சாலையில் கிடக்கும் சிறு கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். எமிரா சுமார் 1,400 கிலோ. நல்ல கார், அழகான கார், வி6 எஞ்சினோடு கையால் மாற்றும் கியரும் உண்டு. ஆனால் உங்கள் காரைவிட அரை டன் கூடுதல். பெட்ரோல் என்பதாலும் லோட்டஸ் என்பதாலும் மட்டுமே அது எலீஸின் வாரிசு ஆகிவிடாது.

ஒரு தாள் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் என்ஜினை அணைத்த உடனே, அன்று எது பிடித்தது என்று எழுதுங்கள். நான்கு வாரம் எழுதுங்கள். எடையின்மை என்று வந்தால் மஸ்டா எம்எக்ஸ்-5 உங்களுக்கு எமிராவைவிட நெருங்கிய உறவு, எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் கொஞ்சம் வேகமும் வேண்டும் என்றால் ஆல்பைன் ஏ110, சுமார் 1,100 கிலோ, ஆனால் அதில் மேனுவல் கியர் கிடையாது. கியர் மாற்றுவதுதான் சுகம் என்றால் டொயோட்டா ஜிஆர்86. எஞ்சின் சத்தம் என்று எழுதியிருந்தால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேமனுக்கு நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது. மின்சார ஸ்போர்ட்ஸ் காரையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பிடிக்காது என்று தெரிந்துகொள்ளவாவது.

அந்தக் கேமன் பற்றிக் கொஞ்சம். நீங்கள் வருடத்தைச் சொல்லவில்லை. 2009-க்கு முந்தியது என்றால், எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங்கும் சிலிண்டர் சுவரில் விழும் கீறலும் பேர்போன தலைவலிகள். போர்ஷே எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கை வைத்து, சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2009-இல் புது எஞ்சின் வந்தபோது ஐஎம்எஸ் பேரிங் போய்விட்டது. 2012-இலிருந்து 2016 வரை வந்த 981 தலைமுறை, டர்போ இல்லாத ஆறு சிலிண்டர். என் பணமாக இருந்தால் அங்கேதான் தேடுவேன்.

பண விஷயத்திலும் கேமன் உங்களுக்கு எட்டாததல்ல. கையிருப்பு 20-இல் அவசரப் பணம் 15-ஐத் தொடாமல் வைத்தால் 5. எலீஸ் 30. மாதம் 1.5 வீதம் ஏழு மாதம் பொறுத்தால் 10.5. மொத்தம் 45.5, கடன் இல்லை. அதன் பிறகும் மீதி மாதங்களில் கல்லூரிப் பணம் 40 சேர்ந்துவிடும், கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அந்த மிச்சம் 4-தான். பழைய போர்ஷேயின் ஒரு பெரிய ரிப்பேர் அதைத் தின்றுவிடும். எனவே முடியும், ஆனால் மூச்சு முட்டும்.

என் சிபாரிசு, இந்த வருடம் எலீஸை விற்காதீர்கள். அதில் 4 செலவு செய்யுங்கள். பின்சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கும் கம்பியான டோ லிங்க் கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். அது உடைந்தால் பின்சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும், அதில் சிக்கனம் கூடாது. ரேடியேட்டர் பழசு என்றால் அதையும் இப்போதே மாற்றுங்கள். அதற்கு முன்பக்க ஃபைபர் உடல் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும்போதே உள்ளே இருக்கும் ஹோஸ், ஃபேன், ஏசி குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் கூலி ஒரு முறையோடு போகும். எஞ்சின் டொயோட்டாவுடையது, அதனால் எஞ்சின் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ்ஷும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) புதிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பதினோரு வருடத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது உங்களுக்கே தெரிந்திருக்காது.

அதைச் செய்தும் மாதம் 1.5 சேமிப்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அடுத்த வருடம் இதே நேரம் கையில் 34 இருக்கும், கடன் இருக்காது, எந்தக் கார் வேண்டும் என்று நான்கு தாளும் நாலைந்து வாடகை நாட்களும் சொல்லியிருக்கும். அப்போதும் எமிராதான் என்று மனம் சொன்னால், இரண்டு மூன்று வருடம் ஓடிய ஒன்றைத் தேடுங்கள். மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். புக்கிங் பணம் ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டியிருந்தால் ஷோரூம்காரரிடம் வாய் வார்த்தையாகக் கேட்காமல், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டவில்லை என்றால், மாத இறுதி வரும், போகும்; வரட்டும்.