போனுக்குள் களப்பணி: கேள்வி பதில்

இணையத்தில் அன்றாடம் நடப்பதை இனவரைவியல் முறையில், அதாவது மக்களோடு நீண்ட நாள் கூடவே இருந்து பார்த்து, ஆராய்வது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு இரண்டு வரிதான், சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்நட்சத்திரம்: அக்கா, நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஒரு யூடியூப் சேனலுக்கு வந்த கமெண்டுகளை ஆயிரக்கணக்கில் இறக்கி வகை பிரித்து வைத்திருக்கிறேன். ஆய்வேட்டின் தலைப்பில் 'இனவரைவியல்' என்று போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் செய்திருப்பது உள்ளடக்கப் பகுப்பாய்வு. நல்ல வேலைதான், அதற்கென்று தனி முறையும் மதிப்பும் உண்டு. ஆனால் இனவரைவியல் என்று போட்டுவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே "நீங்கள் யாரோடு இருந்தீர்கள்?" என்றுதான் வரும். கமெண்ட் என்பது ஒருவர் எழுதிவிட்டுப் போன பிறகு மிஞ்சுவது. எழுதும்முன் எதை அழித்தார், பதில் வந்ததா என்று எத்தனை தடவை வந்து எட்டிப் பார்த்தார், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்கு அனுப்பிச் சிரித்தார், இதெல்லாம் உங்கள் எக்ஸெல் கோப்பில் இருக்காது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர் காலத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கி, 1922-இல் அதை நூலாக வெளியிட்டதிலிருந்து இந்தத் துறை கேட்பது முக்கியமாக ஒன்றைத்தான்: கூடவே இருக்க வேண்டும், அதுவும் சலிப்புத் தட்டும் அளவுக்கு. சுவாரசியமானது எதுவும் நடக்காத நாட்களிலும் அங்கே இருக்க வேண்டும். கமெண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். அடிக்கடி எழுதுகிற சிலரிடம் பேசுங்கள், நேரலை நடக்கும்போது கூட இருந்து பாருங்கள், அப்புறம் தலைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இரவுப்பறவை: களம் என்று எதைச் சொல்வது? ஒரே ஆள் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டு இன்ஸ்டாவில் ஸ்டோரி போடுகிறார், பிறகு கேமில் போய் உட்கார்ந்துகொள்கிறார். நான் எங்கே நிற்பது?

பதில்: அவரோடு நில்லுங்கள். செயலியைக் களமாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரவே தீராது. ஒரு பழக்கத்தை அல்லது உறவை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 'பிரிந்து வாழும் பெற்றோர் வீடியோ அழைப்பில் பிள்ளையை எப்படி வளர்க்கிறார்கள்' என்று. அது எந்தெந்தச் செயலிக்குப் போகிறதோ அங்கெல்லாம் நீங்களும் போகலாம், போகாத இடத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. டேனியல் மில்லர், டான் ஸ்லேட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இணையத்தை ஆராய கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவுக்கே நேரில் போனார்கள், 2000-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இணையம் என்பது நிஜ வாழ்க்கையிலிருந்து விலகிய தனி உலகம் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கண்டது, அங்குள்ளவர்கள் வெளிநாட்டுக்குப் போன உறவினர்களோடு குடும்பத்தைத் தொடர்ந்து நடத்தவும் தங்கள் டிரினிடாட் தன்மையை உலகத்துக்குக் காட்டிக்கொள்ளவும் இணையத்தைப் பயன்படுத்தியதை. இதற்கு நேரெதிர் மானிடவியலாளர் டாம் பெல்ஸ்டார்ஃப். 2004 முதல் 2007 வரை செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே அவதாரமாக (திரையில் நடமாடும் உருவமாக) வாழ்ந்து ஆராய்ந்தவர், அங்கே பழகியவர்களை வெளியே தேடிப் போகவில்லை. அந்த உலகத்தில் மற்றவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் அறிந்திருந்தார்கள் என்பது அவர் வாதம். உங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் திரையில் மட்டும் அறிந்தவர்கள் என்றால் அவர் வழி சரி. வாட்ஸ்அப் குடும்பக் குரூப் என்றால் அது கண்டிப்பாகப் போதாது, திரைக்கு இந்தப் பக்கம் வீட்டிலும் நீங்கள் உட்கார வேண்டும்.

பச்சைக்கிளி: நான் ஏற்கெனவே அந்த ரசிகர் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். என்னையே ஆய்வு செய்வது போலாகிவிடாதா?

பதில்: ஆகட்டுமே. உள்ளே நுழைய மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள், உங்களுக்கு அது மிச்சம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பழகிப்போனது எதுவும் கண்ணில் படாது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிடித்து "முதல் வாரத்தில் எது புரியவில்லை, எதற்குத் திட்டு வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் குழுவின் எழுதாத விதிகள் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும்.

மழைக்காகிதம்: ஒரு குரூப்பில் அட்மின் அனுமதி கொடுத்துவிட்டார். நான் எதுவும் பேசாமல் வெறுமனே படித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லையே?

பதில்: அட்மின் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மற்றவர்கள் சார்பில் ஒப்புதல் கொடுக்க அவரால் முடியாது. நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள், எதைக் குறித்துக்கொள்வீர்கள், எதைக் குறிக்க மாட்டீர்கள் என்று நீங்களே ஒரு செய்தி போடுங்கள். சின்னதாக, பல்கலைக்கழக வாசனை அடிக்காத மொழியில். அது இரண்டு நாளில் நூறு செய்திகளுக்குக் கீழே போய்விடும், புதியவர்களும் சேர்ந்துகொண்டே இருப்பார்கள், அதனால் அவ்வப்போது திரும்பப் போட வேண்டும். டிபியிலும் பெயரிலும் ஆய்வாளர் என்பது தெரிந்தால் இன்னும் நல்லது. யாராவது வேண்டாம் என்றால் அவர் எழுதியது எதுவும் உங்கள் குறிப்பில் வரக்கூடாது. முக்கியமாக, அந்த 'எக்ஸ்போர்ட் சாட்' பொத்தானைத் தொடாதீர்கள். ஒப்புக்கொண்டவர், ஒப்புக்கொள்ளாதவர் எல்லோருடைய பேச்சும் ஒரே கோப்பில் உங்கள் கணினிக்கு வந்துவிடும். கையால் குறிப்பெடுப்பது மெதுவான வேலைதான். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, பேசாமல் படித்துக்கொண்டே இருப்பவரை யாரும் நம்புவதில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், யாராவது கேட்டால் உதவுங்கள், உங்கள் மொக்கை ஜோக்கையும் போடுங்கள்.

சுண்டெலி: ஆனால் பொதுவெளியில் இருக்கும் பதிவுக்கு எதற்கு அனுமதி? எழுதினவரே எல்லோரும் பார்க்கட்டும் என்றுதானே போட்டிருக்கிறார்.

பதில்: ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி, வராவிட்டால்தான் ஆச்சரியம். 2008-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் தரவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கல்லூரிப் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் கூடவே தந்திருந்த விவரங்களை வைத்தே அது ஹார்வர்ட் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். மைக்கேல் ஜிம்மர் என்ற ஆய்வாளர் 2010-இல் இதை அலசியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. தரவு சேகரித்த உதவியாளர்கள் அதே கல்லூரிக்காரர்கள், ஆகவே கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாணவர்கள் வைத்திருந்ததும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம். 'எல்லோரும் பார்க்கலாம்' என்பதற்கு எழுதியவர் மனதில் ஓர் எல்லை எப்போதும் இருக்கிறது. முந்நூறு பேர் படிப்பார்கள் என்று எழுதியதை நீங்கள் புத்தகத்தில் ஏற்றினால் அந்த எல்லை உடைந்துவிடும்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பதிவை வரி மாறாமல் மேற்கோள் காட்டினால், அதைத் தேடுபொறியில் ஒட்டினால் போதும், ஆள் வந்து நிற்பார். நீங்கள் வைத்த புனைபெயர் ஒன்றுக்கும் உதவாது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மொழிபெயர்ப்பே பாதி மறைத்துவிடும், தமிழில் எழுதினால் அந்த வசதி இல்லை. அதனால் கருத்து மாறாமல் வேறு சொற்களில் எழுதுவது, சிலரின் அனுபவங்களைச் சேர்த்து ஒரே ஆளாக்குவது என்று வழிகள் இருக்கின்றன. பின்னதை 2012-இல் இணைய ஆய்வாளர் ஆனட் மார்க்கம் வெளிப்படையாகவே ஆதரித்து எழுதியபோது, இட்டுக்கட்டுவதற்கு இடம் கொடுத்ததாக ஆகாதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தேன் என்று முறையியல் பகுதியில் சொல்லிவிட்டால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மறுபக்கமும் இருக்கிறது. ஒருவர் மீம் வரைகிறார், கவிதை எழுதுகிறார் என்றால் பெயரை மறைப்பது அவர் படைப்பைத் திருடியது மாதிரி ஆகிவிடலாம். ஏமி பிரக்மன் என்ற ஆய்வாளர் 2002-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். பெயர் வேண்டுமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். இணைய ஆய்வாளர்கள் சங்கம் 2002, 2012, 2019 என்று மூன்று முறை நெறிமுறை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்முன் கடைசியானதையாவது படித்துவிடுங்கள்.

நூலாம்படை: களக்குறிப்பு எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி காட்ட முடியுமா மேடம்? எல்லோரும் 'விரிவாக எழுது' என்கிறார்கள், எதை விரிப்பது என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: ஒரு தகவலாளி (ஆய்வில் பங்கெடுத்தவர்) வீட்டில் எடுத்த குறிப்பு, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், அவர் ஒப்புதலோடு:

"இரவு 9.40. டிவி ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை. குடும்பக் குரூப்பில் பெரியப்பா ஒரு மருத்துவக் குறிப்பை ஃபார்வர்ட் செய்கிறார். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்து 'சுத்தப் பொய்' என்கிறாள். 'இது உண்மை இல்லை பெரியப்பா' என்று தட்டுகிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். அழிக்கிறாள். கைகூப்பும் எமோஜியை அனுப்புகிறாள். உடனே தங்கையின் சாட்டைத் திறந்து அதே ஃபார்வர்டைப் போட்டு, வரிசையாகச் சிரிப்பு எமோஜி. போனைக் கவிழ்த்து வைக்கிறாள்."

குரூப்பில் பதிவானது ஒரு கைகூப்பு மட்டும். வதந்திகளை ஆராய்கிறேன் என்று அதை எண்ணிப் பார்ப்பவர் 'ஆதரவு' என்ற கட்டத்தில் போட்டுவிடுவார். வேண்டுமென்றே கண் சிமிட்டுவதையும் தானாக இமை துடிப்பதையும் பிரித்தறிவது பற்றி மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973-இல் எழுதினாரே, தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து எடுத்த உதாரணம், அதன் இன்றைய வடிவம் இந்த எமோஜிதான். விரிக்க வேண்டியது இதை: கை என்ன செய்தது, எது அனுப்பப்படாமல் போனது, அறையில் வேறு யார் இருந்தார்கள். நீங்கள் நினைத்ததைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், பார்த்ததோடு கலக்காதீர்கள். குறிப்பில் "மரியாதை கருதி அழித்தாள்" என்று எழுதியிருந்தால் அது என் ஊகம். பிறகு அவளிடமே கேட்டபோது வந்த பதில், "பதில் சொன்னால் போன் பண்ணுவார், அரை மணி நேரம் போகும்".

அன்றைக்கு எழுத வேண்டியதை அன்றைக்கே எழுதிவிடுங்கள், தூங்கி எழுந்தால் பேச்சின் ருசி போய்விடும். போனிலேயே குறிப்பெடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது வசதிதான், ஆனால் நீங்கள் குறிப்பெடுக்கிறீர்கள் என்பதையே அவர்கள் மறந்துவிடுவார்கள், அது அவ்வளவு நல்லதில்லை.

கடைசிப்பெஞ்ச்: நேர்காணலில் எல்லோரும் "நான் அவ்வளவாகப் போன் பார்ப்பதில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கேட்பதை நிறுத்திவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ராபார்ட்ஸ், லிங்கன் என்ற ஆய்வாளர்கள் செய்த முறை ஒன்று உண்டு, ஆய்வாளரும் பயனரும் சேர்ந்து உட்கார்ந்து அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தைப் பல வருடங்கள் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போவது. போன் அவர் கையிலேயே இருக்கட்டும், எங்கே நிற்பது, எதை வேகமாகத் தள்ளிவிடுவது என்பது அவர் முடிவு. வேகமாகத் தள்ளிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே தோண்டாதீர்கள். ஒன்று கவனம், அந்தப் பக்கத்தில் அவருடைய நண்பர்களும் வருவார்கள், அவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை.

மொட்டைமாடி: என் வழிகாட்டி "பதினைந்து பேரை வைத்து என்ன நிரூபிப்பாய்?" என்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: எவ்வளவு பேர் என்று நிரூபிக்க வரவில்லை, என்ன நடக்கிறது என்று காட்ட வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். டானா பாய்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பதின்வயதினரை ஆராய்ந்தபோது ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். ஒவ்வொரு முறையும் ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறும்போது லாக் அவுட் செய்யாமல் கணக்கையே செயலிழக்க வைப்பார், மறுபடி வரும்போது உயிர்ப்பிப்பார். தான் இல்லாத நேரத்தில் பெரியவர்கள் யாரும் வந்து பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நிறுவனத்தின் கணக்கில் அவர் தினமும் 'விலகிப் போய்த் திரும்பி வருபவர்'. அவர் செய்ததோ பூட்டிவிட்டுப் போவது. இப்படி ஒரு பழக்கம் இருப்பது ஒருவரிடம் தெரிந்த பிறகுதான் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கணக்கெடுக்கவே முடியும், அந்தக் கேள்வி அதற்குமுன் யாருடைய படிவத்திலும் இருந்திருக்காது.

அகலமும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றில் ஒன்பது மானிடவியலாளர்கள் ஒன்பது இடங்களில் ஆளுக்குப் பதினைந்து மாதம் தங்கினார்கள், தென்னிந்தியாவும் அதில் ஒன்று, நூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சீனத் தொழிற்சாலை நகரத்தில் தங்கிய ஷின்யுவான் வாங், கிராமத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே சமயத்தில் இரண்டு இடப்பெயர்ச்சி செய்திருக்கிறார்கள் என்றார், ஒன்று ஆலைக்கு, மற்றொன்று இணையத்துக்கு. தாங்கள் தேடி வந்த நவீன வாழ்க்கையை அவர்கள் இரண்டாவது இடத்தில்தான் அதிகம் கண்டார்களாம். வழிகாட்டிக்கு இதைப் படிக்கக் கொடுங்கள், மனம் மாறாவிட்டாலும் பேச்சு மாறும்.

தகரடப்பா: ட்விட்டரிலிருந்து மொத்தமாகத் தரவு எடுக்க உதவிய இலவச ஏபிஐ 2023-இல் போய்விட்டது, ஃபேஸ்புக்கின் பொதுப் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இனி இந்த ஆய்வெல்லாம் எப்படி?

பதில்: மொத்தமாகத் தரவை அள்ளியவர்களுக்குத்தான் பெரிய அடி. ஆட்களோடு உட்காருகிறவர்களுக்கு ஏபிஐ கதவு எப்போதும் முக்கியமாக இருந்ததில்லை.

முகமூடி: வெறுப்புப் பேச்சுக் குழுக்களை ஆராய ஆசை. போலிக் கணக்கில் உள்ளே போகலாமா?

பதில்: முதல் ஆய்வுக்கு இதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எடுத்தே தீருவேன் என்றால், வேலைக்கென்று தனிக் கணக்கும் தனி எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பப் படங்கள் இருக்கும் கணக்கோடு அது எந்த விதத்திலும் சேரக்கூடாது. தனிக் கணக்கு வேறு, பொய் அடையாளம் வேறு. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழு எளிதில் ஒப்புக்கொள்ளாது, அகப்பட்டுக்கொண்டால் ஆபத்து உங்களுக்குத்தான். தினமும் அதைப் படிப்பது மனதையும் அரிக்கும், யாரிடமாவது வாரம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

வால்நட்சத்திரம்: மறுபடியும் நான்தான் அக்கா. களக்குறிப்புகளை ஏஐயிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லலாமா? நேரம் மிச்சமாகுமே.

பதில்: முதலில் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "என் குறிப்புகள் என்னிடம் மட்டும் இருக்கும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்ற உங்களுக்கு உரிமை இல்லை, பேச்சு முடிந்தது. ஒப்புதல் இருக்கிறது என்றாலும் முதல் சுற்றை நீங்களே செய்யுங்கள். மேலே சொன்ன குறிப்பை ஏஐயிடம் கொடுத்தால் 'குடும்ப மரியாதை' என்று அழகாக ஒரு தலைப்புப் போட்டுக் கொடுக்கும், அந்த அரை மணி நேரப் போன் பேச்சு அதற்கு எங்கிருந்து தெரியும்? இரண்டாம் சுற்றில், நீங்கள் பிரித்து முடித்த பிறகு, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பயன்படுத்துங்கள், பெயர், இடம், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு.