கேள்வி – பதில்: கணக்கெடுப்பு முடிந்தது, அடுத்து என்ன?

கேள்வி: சமுதாய நலச் செவிலியப் பயிற்சிக்காக இரண்டு குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோம். 30 வயதைக் கடந்தவர்களில், முதல் குடியிருப்பில் 600 பேரில் 96 பேருக்கும் இரண்டாவதில் 200 பேரில் 50 பேருக்கும் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. முதல் குடியிருப்பில்தான் பிரச்சினை அதிகம் என்று எழுதிக் கொடுத்தோம். "இது பட்டியல், பகுப்பாய்வு அல்ல" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறினோம்?

பதில்: தலைகளை எண்ணியதோடு நின்றுவிட்டீர்கள். 96 என்பது 50-ஐவிடப் பெரிய எண்தான். ஆனால் எத்தனை பேரில் என்று கேட்ட உடனேயே நிலைமை தலைகீழாகிறது. பரவல் வீதம், அதாவது கணக்கெடுத்தவர்களில் நோய் உள்ளவர்களின் பங்கு, முதல் குடியிருப்பில் 16 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம். அதற்காக, இரண்டாவது குடியிருப்பின் உணவிலோ வாழ்க்கை முறையிலோ ஏதோ கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். அது முந்தையதைவிட மோசமான பிழையாகிவிடும். முதலில் வயதுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 60 வயது நிரம்பாதவர்களில் முதல் குடியிருப்பில் 500 பேருக்கு 60 பேர், இரண்டாவதில் 100 பேருக்கு 12 பேர் என்றும், 60 நிரம்பியவர்களில் முதலாவதில் 100 பேருக்கு 36 பேர், இரண்டாவதில் 100 பேருக்கு 38 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். இளையவர்களிடம் இரண்டு இடங்களிலும் அதே 12 சதவீதம். முதியவர்களிடம் 36-க்கும் 38-க்கும் பெரிய வேறுபாடில்லை. ஆக, இரண்டாவது குடியிருப்பில் நோய் பெருகவில்லை, முதியவர்களின் விகிதம்தான் அதிகம். அங்கே தேவைப்படுவது காரணத்தைத் தேடும் ஆய்வு அல்ல, முதியோருக்கான தொடர் கவனிப்பு. கிரிமியப் போரில் இறந்த வீரர்களின் மொத்தக் கணக்கோடு நில்லாமல், மாதவாரியாகவும் காரணவாரியாகவும் பிரித்து, காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே பெரும்பாலோரைக் கொன்றன என்று 1858-இல் வரைபடமாகக் காட்டிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் செய்ததும் இத்தகைய பிரித்தறிதலே.

அடுத்து, அந்த 96 பேர் யார்? 140/90 அளவை ஒரே ஒரு முறை தாண்டியவரை நோயாளி என்று எழுதிவிட முடியாது. வேறொரு நாளிலும் அளந்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானவர்களில் தமக்கு நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தவர் எத்தனை பேர், அவர்களில் மாத்திரை எடுப்பவர் எத்தனை பேர், எடுத்தும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர் எத்தனை பேர் என்று படிப்படியாக எண்ணிப் பாருங்கள். எந்தப் படியில் ஆட்கள் அதிகமாக உதிர்கிறார்களோ அங்கேதான் செவிலியரின் வேலை இருக்கிறது. நோயையே அறியாதவர்கள் அதிகம் என்றால் பரிசோதனை முகாம் பயன் தரும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் அதிகம் என்றால் முகாம் நடத்திப் பயனில்லை, ஏன் நிறுத்தினார்கள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

பூட்டியிருந்த வீடுகளையும் குறித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பகல் வேளையில் மட்டும் சென்றிருந்தால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டு, முதியோரும் நோயாளிகளும் கணக்கில் கூடுதலாகத் தெரிவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எழுத வேண்டிய சமுதாயச் செவிலிய நோயறிதல் ஒரே வாக்கியம்தான்: எந்த மக்கள் பிரிவுக்கு, என்ன ஆபத்து, எதனால், அதற்கு ஆதாரம் என்ன. "உயர் ரத்த அழுத்தம் அதிகம்" என்பதில் இந்த நான்கில் ஒன்றுகூட முழுமையாக இல்லை.

கேள்வி: நாங்கள் பரிசோதித்த 300 பேரில் ஒருவருக்கும் காசநோய் இல்லை. இப்பகுதியில் காசநோய் இல்லை என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ஒரு நிகழ்வும் காணப்படாதபோது, 3-ஐப் பரிசோதித்தவர் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மை வீதத்தின் உச்ச வரம்பு, 95 சதவீத நம்பிக்கை அளவில், ஏறத்தாழ கிடைக்கும். உங்கள் கணக்கில் அது 1 சதவீதம், அதாவது லட்சத்துக்கு 1,000 பேர். காசநோயைப் பொறுத்தவரை அது மிக உயர்ந்த அளவு. அந்த 300 பேரும் முறையாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்றால்தான் இந்தக் கணக்கும் செல்லும். "பரிசோதித்தவர்களில் எவருக்கும் கண்டறியப்படவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஐந்தாறு பிரச்சினைகள் தெரிகின்றன. எதை முதலில் எடுப்பது?

பதில்: பரவலாகப் பயன்படுவது ஹான்லன் முறை. பிரச்சினையின் பரப்புக்கு, அதாவது எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பதற்கு, ஒரு மதிப்பெண், கடுமைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, கடுமையை இரட்டிப்பாக்கிப் பரப்போடு கூட்டி, வந்த தொகையை நம்மால் செய்யக்கூடிய தலையீட்டின் பலன் மதிப்பெண்ணால் பெருக்குவார்கள். கூட்டாமல் பெருக்குவதில் ஒரு நுட்பம் உண்டு: பலன் சுழியம் என்றால், எவ்வளவு பெரிய பிரச்சினையும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஆனாலும் மதிப்பெண் இடுகிறவர்கள் நீங்களே என்பதால், பட்டியலை இறுதியாக்கும் முன் குடியிருப்பு மக்களிடம் காட்டுங்கள். நீங்கள் மூன்றாவதாக வைத்ததை அவர்கள் முதலில் வைத்தால், இரண்டு வரிசைகளையும் அறிக்கையில் அருகருகே தந்து, வேறுபாட்டுக்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.