ஐந்தாம் நாள் மிச்சமா?

கேள்வி: டெஸ்ட் போட்டியை நான்கு நாளாகச் சுருக்கும் யோசனையை ஏன் எதிர்க்கிறீர்கள்? பல ஆட்டங்கள் நான்கு நாளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு நாள் மிச்சம்தானே?

பதில்: 'மிச்சம்' என்பதைச் சேமிப்பு என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அது பந்தி முடிந்தபின் பாத்திரத்தின் அடியில் கிடப்பதைச் சொல்வதுபோல் கேட்டது. ஐந்தாம் நாளை அப்படி நினைப்பவர்களோடுதான் என் வழக்கு.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 574 ரன் குவித்தது. டீன் ஜோன்ஸ் வெயில் தாங்காமல் மைதானத்திலேயே வாந்தி எடுத்தபடி 210 அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். நான்காம் நாள் மாலையில் வெற்றி தோல்வி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இரவோடு ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் தன் அணியின் இன்னிங்ஸ் போதும் என்று டிக்ளேர் செய்ய, 348 என்ற இலக்கை இந்தியா துரத்தியது முழுக்க முழுக்க ஐந்தாம் நாளில்தான். கவாஸ்கர் 90 அடித்தார். அந்த வெக்கையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் கிரெக் மாத்யூஸ் பந்து வீசிக்கொண்டே இருந்தார். கடைசி ஓவரில் வேண்டியது 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார், ஸ்கோர் சமமாயிற்று. ஐந்தாவது பந்தில் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இப்படி ஸ்கோர் சமமாகவே முடிந்து 'டை' ஆன ஆட்டங்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று இப்படிக் கிடைத்தது.

நான்கு நாள்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் அணிகள் வேகமாக ஆடியிருக்கும் என்பீர்கள். ஆட்டக்காரர்களை அவசரப்படுத்தலாம், ஆடுகளத்தை எப்படி அவசரப்படுத்துவது? வேகப்பந்து வீச்சாளர்களின் பூட்ஸ் நாலு நாள் மிதித்து உண்டாக்கிய பள்ளத்தில், வெயில் பிளந்த வெடிப்பில், ஐந்தாம் நாள் சுழற்பந்து விழுந்து திரும்புவது வெறும் திறமையால் மட்டும் வருவதன்று. காலமும் சேர்ந்து செய்கிற வேலை அது. மட்டையாளருக்குச் சாதகமாகவே மாறிவரும் இந்த ஆட்டத்தில் சுழற்பந்து வீச்சாளனுக்கு எஞ்சியிருக்கும் உரிமையான நாளையும் பறிப்பது அநியாயம்.

ஐந்து என்ற எண் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. 1939இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாள் வரம்பே இல்லாத டெஸ்ட் பத்தாம் நாள்வரை நீண்டு, கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் முடிவு காணாமலே இங்கிலாந்து அணி புறப்பட்டது. அதற்கு ஒரு வரம்பு தேவைப்பட்டது. இப்போதைய யோசனைக்கு அப்படி ஒரு தேவை எங்கே இருக்கிறது? நாள் கணக்கு, ஆட்டத்தின் சட்டங்களை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் சட்டத்தில் இல்லை, சர்வதேசக் கிரிக்கெட்டை நடத்தும் ஐ.சி.சி.யின் ஆட்ட நிபந்தனைகளில் இருப்பதால் ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். என் கவலையும் அதுதான்.

கணக்கையும் பாருங்கள். நான்கு நாள் முறையில் நாளொன்றுக்கு 98 ஓவர், மொத்தம் 392. இப்போது நாளொன்றுக்கு 90, ஐந்து நாளில் 450. அந்த 58 ஓவர் இழப்பை விடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தும் 90 ஓவரையே வீசி முடிக்காதவர்கள் 98 வீசுவார்கள் என்று யார் நம்புவது? இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதிவருவது இந்த மந்தத்தைப் பற்றித்தான். கையுறை மாற்றவும் தண்ணீர் கொடுக்கவும் ஓவருக்கு ஓவர் ஆள் ஓடிவருகிறான். பீல்டரை நான்கு அடி நகர்த்த கேப்டனும் பந்துவீச்சாளரும் மாநாடு கூட்டுகிறார்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே பிடியுங்கள்.